கதவுக்கு வெளியே நின்றவர்கள்

அன்பு மகன் அர்கியாஸுக்கு அம்மா எழுதுவது. நான் இருக்கிறேன், உன் அப்பாவின் சுகத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை, கடல் கடந்து இத்தாலியில் நீயும் மருமகளும் குழந்தையும் நன்றாக இருக்கத் தெய்வங்கள் துணை. ஏதென்ஸில் வசந்தத் திருவிழா முடிந்தது. அப்பாவின் நாடகப் பாடற்குழு முதல் பரிசு வாங்கியது. பரிசுக்காகத் தலையில் வைத்த படர்கொடி மாலையை இன்னும் கழற்றவில்லை, அதோடுதான் தூங்குகிறார்.

சந்தோஷத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. உன் தங்கை லிசில்லாவை அவள் புருஷன் மெனோன் அடித்துக் கையை ஒடித்துவிட்டான். திருவிழாவுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அப்பாவும் குழுவில் ஆறேழு பேரும் ஒத்திகை முடிந்து அவள் தெரு வழியாக வந்திருக்கிறார்கள். உள்ளேயிருந்து "அய்யோ, என்னைக் கொல்றானே" என்று அவள் அலறல். இவர்கள் நின்று என்ன செய்தார்கள் தெரியுமா, பேசினார்கள். "உள்ள போயிடலாம்யா" என்று ஒருவர், "அடுத்தவன் வீட்டுக்குள்ள எப்படிப் போறது" என்று ஒருவர், "முதல்ல என்னன்னு தெரியட்டும்" என்று இன்னொருவர். பெற்றவர் நடுவில் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறார். பேசி முடிப்பதற்குள் அலறல் நின்றுவிட்டது. வேலைக்காரி வெளியே வந்து நடந்ததைச் சொன்னாள், கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள்.

மேடையில் பழகிய பழக்கம். அங்கேயும் வெட்டும் குத்தும் கதவுக்கு உள்ளேதான், குழு வெளியே நின்று புலம்ப வேண்டும், உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. இந்த வருஷ நாடகத்திலும் அப்படித்தான், ஊரே விம்மியது, நான் மேலே பெண்கள் வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிணத்தைச் சக்கரப் பலகையில் வெளியே தள்ளினார்கள், கடைசியில் கயிறு கட்டி ஒரு தெய்வத்தை இறக்கி எல்லாவற்றையும் சரிசெய்தார்கள். மெனோன் வீட்டுக் கூரையில் யாரும் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து உன் அப்பா சொல்கிறார், "முகமூடிக்குள்ள நெசமாவே அழுதேன்டி, லிசில்லாவை நெனச்சதாலதான் பாட்டு அவ்வளவு நல்லா வந்துச்சு" என்று.

அடித்த மறுநாளே நான் போய் மெனோன் வீட்டுக் கதவை இடித்தேன். மெனோன் சிரித்துக்கொண்டே, "மாமாவை வரச் சொல்லுங்க அத்தை, ஆம்பளைங்க பேசிக்கிறோம்" என்றான். கட்டிக்கொடுத்த பெண்ணைத் திரும்ப அழைக்க இந்த ஊரில் அப்பனுக்குத்தான் உரிமை, பெற்றவள் யாரோ. அவரோ முதலில் திருவிழா முடியட்டும் என்றார், இப்போது வாற்கோதுமை அறுப்பு முடியட்டும் என்கிறார். நான் விடாமல் பிடித்ததும், "அர்கியாஸ் வந்தா என் பேரைச் சொல்லி அவளைக் கூட்டிட்டு வரட்டும், என்னை இழுக்காதே" என்றார்.

அதனால் நீ வா. குளிர்காலம் முடிந்து கப்பல்கள் ஓடத் தொடங்கிவிட்டன. ஆளனுப்பி விசாரிக்காதே, ஆறுதல் எழுதாதே, இங்கே அதற்கு ஆள் நிறைய இருக்கிறது. உன்னை அனுப்பிவைக்கச் சொல்லி மருமகளிடம் நான் கெஞ்சிக் கேட்டேன் என்று சொல். குழந்தைக்கு ஒரு நோவும் வராமல் நீண்ட ஆயுசோடு இருக்கட்டும். மறக்காதே, லிசில்லா வேலைக்காரி மூலமாக உன்னிடம் சொல்லச் சொன்னது இதுதான்: "அண்ணன் வந்தா வாசல்ல நின்னு கதவைத் தட்டிக்கிட்டிருக்க வேணாம், நேரா உள்ள வரச் சொல்லும்மா."

உன்னைப் பெற்றவள்,
அரிஸ்தில்லா