வாயில் அடக்கிய கொயினா

அக்காவுக்கு மாதா துணை. உங்கள் முட்டுவலி குறைந்ததா?

போன வாரம் ஒரு நாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நான், மருமகள் சவரியாயி, மகன் சூசை, கங்காணி அருளப்பன் இருந்தோம். தேயிலைத் தோட்டம் முழுக்கக் காய்ச்சல். வேலைக்கு வந்தவர்களுக்கு மட்டும் காய்ச்சல் மருந்தான கொயினாத் தண்ணீரை வாயில் ஊற்றினார்கள். சவரியாயி அதை விழுங்காமல் வாயில் அடக்கிக்கொண்டு, லயத்து வீட்டில் காய்ச்சலாய்க் கிடந்த என் பேத்திக்குக் கொடுக்கத் திரும்பினாள். தினமும் அப்படித்தான் கொடுத்தாள்.

"முழுங்குடி! வாயத் தொறந்து காட்டு!" என்றான் கங்காணி.

"புள்ளைக்குங்க ஐயா," என்றேன்.

"புள்ளையா கொழுந்து எடுக்குது?"

விழுங்கிவிட்டாள். மறுநாள் பேத்தியைப் புதைத்தோம்.

நீங்கள் பயப்படாதீர்கள். நிலவேம்பு கொஞ்சம் அனுப்புங்கள், சவரியாயிக்கும் உடம்பு சுடுகிறது. வேலைக்கு ஆள் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். கங்காணி யாரோ எவனோ. பேத்தியைப் பெற்ற தகப்பன், பக்கத்திலேயே தலைகுனிந்து நின்றானே, அந்தச் சூசையை மன்னிக்க மாட்டேன்.