ஒன்று குறைவாக

மார்ச் 4
காலையில் படம் வந்தது. மூன்று வரிசை முக்கோணம். மொத்தம் எத்தனை என்று செம்பியன் கேட்டிருந்தான். பதின்மூன்று. பஸ் வருவதற்குள் எண்ணிவிட்டேன். ஆனால் பன்னிரண்டு என்று அனுப்பினேன். சரியாகச் சொன்னால் ஒரு கட்டைவிரல் எமோஜியோடு முடிந்துவிடும். தப்பாகச் சொன்னால்தான் போன் வரும்.

வந்தது. "ஏய் அனு, வெளிய கீற பெரிசை உட்டுட்டியே! எத்தினி வாட்டி சொல்றது?" ஆறு நிமிடம் பேசினான். எனக்கு அது போதும். பொய், போதாது.

மார்ச் 9
மயிலாப்பூர் நூலகத்தில் அவன் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு வருடம் எதிரெதிரே இருந்து படித்தோம். போன குரூப் ஃபோரில் அவன் தேறி, வேலை கிடைத்துத் தேனிக்குப் போய்விட்டான். எனக்கு ஒரே கேள்வியில் போயிற்று. "தினம் ஒரு படம் அனுப்புறேன், நீயும் வந்துரு" என்றான் கிளம்பும்போது. எங்கே வர? வேலைக்கா, தேனிக்கா?

மார்ச் 17
பதினெட்டு நிமிடம்! மூன்றைக் குறைத்துச் சொன்னேன்.

ஏப்ரல் 2
மீன் கூடையை இறக்கியதும் இறக்காததுமாக அம்மா கேட்டாள். "இன்னாடி, போனையே பாத்துக்கினு கீற? பரிச்சைக்கா, அந்தப் பையனுக்கா?"
"ரெண்டுக்கும்தான்."
அம்மா சிரிக்கவில்லை.

ஏப்ரல் 20
நான்கு வரிசை. இருபத்தேழு. நடுவில் தலைகீழாக நிற்கும் பெரிசை வேண்டுமென்றே விட்டு, இருபத்தாறு என்று அனுப்பினேன்.

கட்டைவிரல் வந்தது.

அவசரத்தில் இருந்திருப்பான். முன்பெல்லாம் நோட்டில் அவனே வரைந்து போட்டோ எடுத்து அனுப்புவான். இப்போது எங்கிருந்தோ வருவதை அப்படியே எனக்குத் தள்ளிவிடுகிறான்.

ஏப்ரல் 21
இன்றைக்குப் பதின்மூன்றுக்கு நாற்பது என்று அனுப்பினேன். அதற்கும் கட்டைவிரல்.

பாவி, நீ எண்ணவே இல்லையா? எத்தனை நாளா? நான் லூசு மாதிரி தெனமும் உக்காந்து எதை விடலாம்னு யோசிச்சுக்கிட்டு — சீ, போடா.

அழுதேன். அம்மா பார்க்காத மாதிரி மீன் கழுவப் போனாள்.

ஏப்ரல் 22
படம் வந்தது. மூன்று குறைத்து அனுப்பினேன். வெட்கம் கெட்டவள்.

ஜூலை 6
தேர்வு. அடையாறில் ஒரு பள்ளிக்கூடம். நூற்று எண்பதாவது கேள்வி அதே நான்கு வரிசை. விடைகளில் இருபத்தாறும் இருந்தது, இருபத்தேழும் இருந்தது. பழக்க தோஷம், கை இருபத்தாறுக்குப் போய்விட்டது. பேனா படுவதற்குள் விலக்கி, இரண்டு தடவை எண்ணினேன். இருபத்தேழின் வட்டத்தைக் கருப்பாக்கினேன்.

அம்மா கேட்டுக்கு வெளியே என் போனோடு நின்றிருந்தாள். "அந்தப் பையன் போன் இன்னும் பண்லையே" என்றாள். இன்றைக்குத் தேர்வு என்பதே அவனுக்கு ஞாபகமில்லை. ஆனால் காலையிலேயே படம் வந்திருந்தது.

எண்ணினேன். பதினெட்டு. பதினெட்டு என்றே அனுப்பிவிட்டு, போனைப் பையில் போட்டு, அம்மாவோடு பஸ் ஏறினேன்.