நிறுத்தி வைத்த மதியம்

மார்ச் 4, செவ்வாய்

சர்வர் இன்றும் தானாக அணைந்தது. சாமான் அறையில் துடைப்பத்துக்கும் அட்டைப் பெட்டிகளுக்கும் நடுவே உட்கார்ந்து மூடியைக் கழற்றிப் பார்த்தேன். போர்டில் இரண்டு மின்தேக்கிகள் வயிறு உப்பிக் கிடக்கின்றன. கொஞ்சம் சூடேறினாலே படுத்துவிடுகிறது. புது போர்டில் இந்தப் பழைய பிராசஸர் உட்காராது; இரண்டையும் புதிதாக வாங்கியே ஆக வேண்டும்.

நூலகத்தில் நாள் முழுக்கக் கணினிகளோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு வீட்டிலும் எதற்கு ஒரு சர்வர் என்று எல்லோரும் கேட்பார்கள். என் தங்கை வாண்டு மட்டும் கேட்கவில்லை. "எனக்கும் அதுல ஒரு இடம் குடு" என்றாள். கொடுத்தேன். பெட்டி ஒன்றுதான், உள்ளே மூன்று வி.எம்., மெய்நிகர் கணினிகள். மூன்றும் தனித்தனிக் கணினி என்று தங்களை நினைத்துக்கொள்ளும். ஒன்றில் குடும்பப் படங்கள், ஒன்றில் என் வேலை. மூன்றாவது வாண்டுவினுடையது. மாடியில் உட்கார்ந்து அதில்தான் ஆவணப்படங்களுக்கு சப்டைட்டில் எழுதுவாள்.

அதை நவம்பரிலிருந்து யாரும் தொடவில்லை.

மார்ச் 6, வியாழன்

இரண்டு நாளாக ஒப்பீடு. எத்தனை கோர், எவ்வளவு சூடு, எவ்வளவு கரண்ட் தின்னும். வேறு யாராவது கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் பதில் சொல்லி அனுப்பியிருப்பேன். இப்போதிருப்பதற்குப் போட்டிக் கம்பெனியின் எட்டு கோர் பிராசஸர். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

ஆனால் —

எழுதித்தான் ஆக வேண்டும். வாண்டு தன் கணினியை அணைத்ததே கிடையாது. எங்காவது கிளம்பினால் படிக்கட்டிலிருந்தே கத்துவாள்: "அக்கா, என் மெஷின அப்படியே நிறுத்தி வை!" நான் கீழிருந்து நிறுத்துவேன். திறந்திருக்கும் ஜன்னல்கள், பாதி அடித்த வரி, எல்லாம் அந்த நொடியில் உறைந்து ஹார்ட் டிஸ்கில் ஒரு கோப்பாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். திரும்பி வந்ததும் எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். சேமிப்பது என்ற நல்ல பழக்கம் அவளுக்கு வரவே இல்லை. நான் எதற்கு இருக்கிறேன்?

அன்றும் அப்படித்தான் கத்திவிட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனாள். கடை வாசலிலேயே விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். நான் நிறுத்தி வைத்தது வைத்தபடி இருக்கிறது.

வேறு கம்பெனி பிராசஸரில் அதை எழுப்ப முடியாது. அவள் சேமித்த கோப்புகள் வந்துவிடும். அந்த மதியம் வராது. பழைய பெட்டியிலேயே ஒருமுறை எழுப்பி, இருப்பதைச் சேமித்துவிட்டால் கதை முடிந்தது. அதுதான் பயம். கதை முடிந்துவிடும்.

மார்ச் 8, சனி

கடைக்காரருக்கு என் மேல் வருத்தம். "நீங்க சொல்லித்தான் வர்றவங்களுக்கெல்லாம் நான் இந்த எட்டு கோர எடுத்துக் குடுக்கறேன். நீங்க போயி அத கேக்கறீங்களே?"

"பழைய கம்பெனியோடதுதான் வேணும்."

"கோர் கம்மி. சூடு ஜாஸ்தி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சேதான்."

ஏற இறங்கப் பார்த்தார். என் பழைய போர்டு மாதிரியே ஒன்று எங்காவது கிடைக்குமா என்றும் கேட்டு வைத்தேன். "அதெல்லாம் போய்ச் சேந்து எந்தக் காலம்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். வாண்டுவும் என்னோடு இந்தக் கடைக்கு வந்திருக்கிறாள். இருந்த நேரமெல்லாம் வண்ண வண்ண விசிறிகளைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

வேலை செய்யவில்லை.

புது போர்டில் எல்லாம் பூட்டியாயிற்று. படங்கள் வந்தன, என் வேலை வந்தது. வாண்டுவினுடையதை எழுப்பினால், பிராசஸர் பொருந்தவில்லை என்று ஒரே வரியில் மறுத்துவிட்டது. அதே கம்பெனிதான். ஆனாலும் பொருந்தவில்லை.

காரணம் நான். ஒரு வி.எம்.முக்கு உண்மையான பிராசஸரைக் காட்டாமல், பொதுவான ஒரு முகத்தைக் காட்டி வைப்பதுதான் முறை. அப்போதுதான் நாளை வேறு பெட்டிக்கு மாற்றினாலும் தடுமாறாது. "ஸ்லோவா இருக்குக்கா, ஸ்லோவா இருக்குக்கா" என்று அவள் மூக்கால் அழுதாளே என்று, எதையும் மறைக்காமல் அந்தப் பிராசஸரை அப்படியே காட்டிவிட்டேன். வேகம் வந்தது. இப்போது அதற்கு வேறு எதுவும் ஆகாது. அதே பழைய பிராசஸர்தான் வேண்டும்.

இடம் மாறப்போகிற வி.எம்.முக்கு இப்படிச் செய்யாதீர்கள் என்று நூலகத்தில் நானே பாடம் எடுத்திருக்கிறேன். அப்புறம் ஏண்டி செஞ்ச? அவ எங்கயும் போக மாட்டான்னு நெனச்சேன். வேற என்ன.

மார்ச் 10, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

மார்ச் 15, சனி

மாடியில் மிச்சமிருக்கும் சாமான்களை எடுக்க மாப்பிள்ளை, வாண்டுவின் கணவர், வந்தார். வாண்டு போன பிறகு அவர் இங்கே தங்கவில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டார். கூடத்தில் பிரித்துப் போட்டிருந்த பெட்டிகளைப் பார்த்து என்ன இதெல்லாம் என்று கேட்டார். மழுப்பியிருக்கலாம். சொல்லிவிட்டேன்.

"இத்தன நாளா இருக்கா?"

"இருக்கு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையேக்கா."

"எழுப்பினா முடிஞ்சிடும் மாப்பிள்ளை. அதான்…"

"நீங்க முடிஞ்சிடும்னு பயப்படறீங்க. நான் ஒரு சீப்பையும் ரெண்டு துணியையும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இப்படி ஒண்ணு இருக்குன்னாவது சொல்லியிருக்கலாம்ல?"

மாடிக்கே போகாமல் கிளம்பிவிட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

காலையெல்லாம் கோபம். இவருக்கு அவளை நேற்றுத்தான் தெரியும்; நான் அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். யாரிடம் சொல்ல வேண்டும், எதற்குச் சொல்ல வேண்டும்?

குளித்தேன், துணி காயப்போட்டேன், திரும்பவும் கோபப்பட்டேன். மாடிக் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. நானும் அவளும் இருந்த வீட்டில் அவரும் இருந்தார். அது எனக்கு ஏன் மறந்துபோயிற்று?

சாயங்காலம் போன் செய்தேன். "அடுத்த சனிக்கிழமை வாங்க. ரெண்டு பேரும் சேந்தே பாக்கலாம்."

"ம்" என்றார்.

மார்ச் 22, சனி

பழைய போர்டில் பழைய பிராசஸரைத் திரும்பப் பூட்டினேன். சூட்டுக்கு என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, மாப்பிள்ளை மாடியிலிருந்து மேசை விசிறியைத் தூக்கி வந்து, இரண்டு கையாலும் போர்டின் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். "போடுங்கக்கா."

எழுப்பினேன். உடனே வந்துவிட்டது.

திரையின் மூலையில் கடிகாரம் மதியம் பன்னிரண்டே முக்கால் காட்டியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்றைய நேரத்துக்குத் தாவியது. ஒரு பக்கம் பனியில் வரிசையாக நடக்கும் பென்குயின்கள், கீழே அவள் எழுதிய வரி. அதற்கு மேல் பாதி ஆடிய சீட்டாட்டம். "வேலை கழுத்த நெரிக்குதுன்னு அன்னிக்குக் காலையிலகூட சொன்னாளே!" என்றார். சிரித்துவிட்டோம். அவள் செத்த பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

என் கண் எதைத் தேடியது என்று எழுதத்தான் வேண்டும். எனக்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடியது. எங்கும் இல்லை. என்னோடு பேச அவளுக்குப் படிக்கட்டு போதும், கத்தினால் கேட்கும். எனக்கு அவள் கடைசியாகச் சொன்னதும் அங்கிருந்துதான்.

கீழே ஒரு அரட்டை ஜன்னல். மாப்பிள்ளைக்கு. அடித்திருக்கிறாள், அனுப்பவில்லை. ஒரே ஒரு வார்த்தை.

வரும்போது

அவ்வளவுதான்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னக்கா வாங்கிட்டு வரச் சொல்ல வந்தா?"

எனக்கு எப்படித் தெரியும். பேனா கேட்பாள், பழம் கேட்பாள், பல் தேய்க்கிற பிரஷ் கேட்பாள். ஒன்றுமில்லை, சீக்கிரம் வா என்றுகூட இருக்கலாம். "தெரியல மாப்பிள்ளை" என்றேன். அவர் தோள் குலுங்கியது. விசிறி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. நான் எட்டிப் பிடித்திருக்கலாம். கை வரவில்லை. திரை கறுத்துப்போனது.

அதற்குப் பிறகு அந்த போர்டு உயிர் பெறவே இல்லை. உறைந்த கோப்பின் நகல் என்னிடம் இருக்கிறது. எழுப்பத்தான் இனி எதுவும் இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

புதிதாக வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து, எட்டு கோரை எடுத்து வந்தேன். கடைக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. போர்டை மட்டும் மறக்காமல் மாற்றிக் கொடுத்தார்.

ஏப்ரல் 12, சனி

புதுப் பெட்டி ஓடுகிற சத்தமே தெரியவில்லை. சூடும் இல்லை. இந்த முறை எல்லா வி.எம்.முக்கும் பொதுவான முகத்தைத்தான் காட்டியிருக்கிறேன். வாண்டுவினுடையதைப் புதிதாகத் தொடங்கினேன். சுத்தமான திரை, சேமித்த கோப்புகள் சில. பென்குயின் இல்லை, சீட்டு இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முறைப்படி அணைத்தேன். அதை அணைத்தது இதுதான் முதல் தடவை.

மாப்பிள்ளை இப்போது சனிக்கிழமைதோறும் சாமான் எடுக்க வருகிறார். எதையும் எடுக்காமல், சாப்பிட்டுவிட்டுப் போகிறார். இன்றும் வழியிலிருந்து போன் செய்தார்.

"கெளம்பிட்டேன்க்கா. வரும்போது ஏதாவது வாங்கிட்டு வரவா?"

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். பின்னால் வண்டிகள் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பால்" என்றேன்.

வீட்டில் பால் இருந்தது.