காட்டு வான்கோழியும் உன் வலக்கண்ணும்

பொண்டி, பிரான்ஸ்,
22.09.2019, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஐங்கரனுக்கு,

இங்கே நான், அம்மா, தங்கச்சி லக்ஷனா மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் சுகத்தையும் கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் உன் சுகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இறைச்சிக்கு வரிசையில் நின்ற ஒருவர் சொல்லித் தெரிந்தது, ஆகவே அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். ஏழு வருடத்துக்குப் பிறகு அப்பாவின் கையெழுத்தைப் பார்க்கிறாய், கண்ணை வருத்தாமல் வெளிச்சத்தில் வைத்து ஆறுதலாக வாசி.

நான் இன்னும் ரூ பிலிப்-து-ஜிராரில் அதே கடையில்தான் இறைச்சி வெட்டுகிறேன். ஜூலையில் ஒரு சனிக்கிழமை கடை முட்டச் சனம். அருட்பிரகாசத்தை உனக்கு ஞாபகம் இருக்கும், முன்பு பொபினியில் நாங்கள் இருந்த கட்டடத்தில் மேல்மாடியில் இருந்தவர். மொன்றியலில் மகளிடம் போய் ஒரு மாதம் நின்றுவிட்டு வந்திருந்தார். இரண்டு கிலோ ஆடு கேட்டார், நான் வெட்டிக்கொண்டு நின்றேன், அப்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணை, மகன் இப்ப ஒரு கண்ணாலை சமாளிக்கிறானோ" என்று கேட்டார். எனக்கு இருப்பது ஒரே மகன். ஆனாலும் "எந்த மகன்" என்று என் வாய் கேட்டது. அவர் முகம் மாறிவிட்டது. "இல்லை அண்ணை, போன வருசம் காட்டிலை வெடி பட்டதெண்டு கதைச்சினம், நான் பிழையா விளங்கியிருப்பன்" என்று இழுத்தார். வரிசையில் நின்றவர்கள் என் கையையே பார்த்தார்கள். நான் கத்தியை வைக்கவில்லை. அவர் கறிக்கு அளவாக வெட்டச் சொன்ன இறைச்சியைக் கொத்துரொட்டிக்குப் போடுகிற அளவுக்குச் சின்னதாக வெட்டிக் கொடுத்துவிட்டேன், அவரும் அப்படியே வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா மறைக்கவில்லை. "ஓம், தெரியும். ஏழு வருசமா நீங்கள் அவன்ரை பேரை வாயாலை எடுக்கேல்லை, நான் என்னெண்டு வந்து சொல்லுறது" என்று கேட்டா. போன வருடம் ஜூனில் தன் தம்பி மகாலிங்கத்தின் மகளுக்குக் கலியாணம் என்று சொல்லிக் கனடா வந்தாவே, அப்படி ஒரு கலியாணமே நடக்கவில்லையாம். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று கிழமை இருந்திருக்கிறா. மச்சானுக்கென்று நான் வறுத்துத் திரித்துக் கட்டிக் கொடுத்த மிளகாய்த்தூளைத்தான் நீ சாப்பிட்டிருக்கிறாய். விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன், வழியெல்லாம் மணப்பெண்ணுக்கு என்ன சீலை என்று கேட்டுக்கொண்டு போனேன், அம்மாவும் மாம்பழ நிறக் காஞ்சிபுரம் என்று சொன்னா. இந்த வீட்டில் எனக்கு எவ்வளவு நன்றாகப் பொய் சொல்லியிருக்கிறார்கள். லக்ஷனாவைப் பிடித்துக் கேட்டால் முதலில் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள், தமிழில் சொல் என்றேன். "அண்ணாதான் சொல்ல வேண்டாம் எண்டவர் அப்பா" என்றாள். ஏன் என்றேன். பிறகுதான் சொன்னாள். "அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ, வில்லைப் பிடிச்சதுக்கு இதுதான் கிடைச்சதெண்டு சந்தோசப்படுவார்" என்று நீ சொன்னாயாம்.

அன்றிலிருந்து இரண்டு மாதம் இந்தச் சொல்லோடுதான் வேலைக்குப் போய் வருகிறேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

லக்ஷனா எல்லாவற்றையும் காட்டினாள். கியூபெக் வேட்டைக்காரர்களின் இணையத்தளத்தில் நீ எழுதிய கட்டுரையை ஒரு ஞாயிறு முழுக்க வரி வரியாகத் தமிழில் சொல்ல வைத்தேன். வான்கோழி என்றால் எனக்கு நத்தார்ப் பண்டிகைக்கு இறகு உரித்து வெள்ளையாக வருகிற இருபது முப்பது உருப்படிதான், அதற்கு ஒரு குரலும் குணமும் இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நீ போட்டிருந்த காணொளியில் அது கறுப்பாகச் செம்பு மினுக்கத்தோடு தலை நீலமும் சிவப்புமாக நின்றது, பாரமான உடம்போடு பறந்து மரத்தில் ஏறியது, ஆச்சரியமாகத்தான் இருந்தது. குறிபார்க்கிற கருவி ஒன்றுமில்லாத, ஒரே மரத்தில் சீவின வில்லாலும், வால் முனையில் அதே பறவையின் இறகைக் கட்டின மர அம்பாலும் அதை அடிப்பதென்றால் என்ன பாடு என்று விளக்கமாக எழுதியிருந்தாய். துப்பாக்கிக்காரனுக்கு நாற்பது எட்டு நடைத் தூரம் போதும், வில்லுக்காரனுக்குப் பறவை பதினைந்து எட்டுக்குள் வரவேண்டும், அதற்குக் கண் அவ்வளவு கூர்மை, இமைத்தாலும் கண்டுவிடும், ஆகவே விடிய முன்னமே போய் மரத்தோடு மரமாகச் சாய்ந்திருந்து, சிலேட்டுத் துண்டில் குச்சியை உரசிப் பேட்டின் குரலை எழுப்பிச் சேவலைக் கூப்பிட வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஐந்து நிமிடம் கதிரையில் ஒழுங்காக இருக்காத பிள்ளை நீ. ஐந்து மணித்தியாலம் அசையாமல் இருந்தாய் என்று வாசிக்க, இது யாருடைய பிள்ளை என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு அந்த நாளைப் பற்றி எழுதியிருந்தாய். அதை லக்ஷனா அழுது அழுதுதான் சொன்னாள். காட்டின் சொந்தக்காரி மரி-லூயிஸ், அறுபத்திநாலு வயது, புருசன் இல்லாதவர், உன்னைத் தன் காணியில் வேட்டையாட விட்டவர். அவர் துப்பாக்கியோடு மேல்பக்கம், நீ வில்லோடு கீழ்ப்பக்கம் என்று இரண்டு பேருக்கும் ஒரு பேச்சு. அன்று முழங்கால் நோகிறது, வரவில்லை என்று உனக்குச் சொல்லிவிட்டு, பிறகு நோக்காடு குறைய, சொல்லாமல் வந்திருக்கிறார். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உண்மையான சேவல் ஒன்று கத்திக்கொண்டு நின்றிருக்கிறது. நீ பேடு மாதிரிக் கூப்பிட்டாய். வெயில் ஏறினபடியால் மேல்சட்டையின் சிப்பைக் கீழே இறக்கினாய், உள்ளே சிவப்புச் சட்டை. பற்றைக்குள்ளால் பேட்டின் குரலைக் கேட்டு, அதற்குப் பக்கத்தில் சிவப்பாக ஏதோ அசையக் கண்டு, சேவல்தான் வந்துவிட்டது என்று அவர் சுட்டுவிட்டார். பதினொரு ஈயக் குண்டு. தோளிலும் கன்னத்திலும் ஒன்பது, வலக்கண்ணில் இரண்டு. அந்த முழங்காலோடு உன்னைத் தாங்கித் தூக்கிக்கொண்டு போய்த் தன் வாகனத்தில் ஏற்றி நாற்பது நிமிடம் ஓடியிருக்கிறார். பொலிசுக்கு நீ என்ன சொன்னாய் என்றும் எழுதியிருந்தாய். சொல்லாமல் வந்தது அவருடைய பிழை, சிவப்பைக் காட்டினது என்னுடைய பிழை, வழக்கு ஒன்றும் வேண்டாம் என்றாயாம்.

தம்பி, அந்த இடத்தில் நான் லக்ஷனாவை நிறுத்தச் சொல்லிவிட்டு எழும்பிப் போய்ச் சன்னலடியில் நின்றேன். ஒரு கண்ணையும் கொடுத்து, பிழையிலும் பாதியை வாங்கிக்கொண்டிருக்கிறாய். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் நடந்ததில் கால்வாசிப் பிழையைக்கூட நீ எடுக்கவில்லை.

நடந்தது என்ன? 2012 ஜூன், லக்ஷனா பெரியபிள்ளையான சாமத்திய வீடு. முந்நூற்றைம்பது பேருக்குச் சொல்லி மண்டபம் எடுத்துச் செய்தது. காலையில் தங்கச்சிக்குப் பக்கத்தில் தமையன் நிற்க வேண்டும். நீ பொபினி வில்வித்தைக் கழகத்தின் போட்டிக்குப் போய்விட்டாய். சனம் எல்லாம் "மகன் எங்கை, மகன் எங்கை" என்று கேட்டுக்கொண்டே இருந்தது, காய்ச்சல் என்று நான் சொன்னேன். பின்னேரம் ஐந்து மணிக்கு நீ தோளில் வில்லோடு மண்டப வாசலால் சிரித்துக்கொண்டு வந்தாய். நான் காய்ச்சல் என்று சொன்ன அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வந்து வில்லைப் பிடுங்கினேன். முழங்காலில் வைத்து முறிக்கப் பார்த்தேன், முறியவில்லை. இரண்டு கதிரைக்குக் குறுக்கே வைத்து மிதித்தேன், மூன்றாம் மிதியில் முறிந்தது. அது கடையில் வாங்கினதில்லை, ஆறு மாதம் இருந்து நீயே சீவினது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் முறித்தேன். குனிந்து துண்டுகளைப் பொறுக்கி உறைக்குள் போட்டுக்கொண்டு போனாய். அடுத்த வருடம் கனடாவுக்கு விசா வந்தது அம்மாவுக்குத் தெரியும், எனக்கு நீ போன பிறகு தெரியும்.

நான் முறித்தது ஒரு தடி. அந்தப் பெண் எடுத்தது நான் பெற்ற பிள்ளையின் கண். கணக்குத் தெரியாதவன்கூட இதில் எது பெரிதென்று சொல்லுவான். கட்டுரையின் கடைசியில் நீ எழுதியிருக்கிறாய், வலக்கண் போனபடியால் வில்லை மற்றக் கைக்கு மாற்றி ஒரு வருடம் சின்னப் பிள்ளை மாதிரிப் பழகினாய் என்று, இந்த மே மாதம் பன்னிரண்டு எட்டுத் தூரத்தில் முதல் சேவலை அடித்தாய் என்று, அதைக் கொண்டுபோய் மரி-லூயிஸ் வீட்டு மேசையில் வைத்து இரண்டு பேருமாகச் சமைத்துச் சாப்பிட்டீர்கள் என்று. படமும் போட்டிருக்கிறாய். அந்தப் பெண் உன் தோளில் கை போட்டு நிற்கிறார், நீ சிரிக்கிறாய். மண்டப வாசலில் வந்தபோது சிரித்த அதே சிரிப்பு. அதைப் பார்த்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் கோழி வெட்ட மனம் வரவில்லை, கூட நிற்கிற வாமதேவனிடம் கத்தியைக் கொடுத்துவிட்டு மரக்கறிப் பக்கம் போய் நின்றேன்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். அப்பா சந்தோசப்படுவார் என்று நீ சொன்னாயே. உன் மேல் ஆத்திரம் வந்தது, பெற்ற தகப்பனைப் பற்றி இப்படியும் ஒருவன் நினைப்பானா என்று. உனக்குப் பொய் எழுதிப் பிரயோசனம் இல்லை, எழுதுகிறேன். அருட்பிரகாசம் சொன்ன அன்று கடை முடிந்து லா சப்பலில் மெட்ரோ ஏறி இருந்தவுடன் என் மனதில் முதல் வந்தது அழுகை இல்லை. அப்பவே சொன்னேனே என்பதுதான் வந்தது. வந்து, ஒரு தரிப்பிடம் வரைக்கும் இருந்தது. பிறகுதான் உன் முகம் வந்தது. நீ என்னைச் சரியாகத்தான் அறிந்து வைத்திருக்கிறாய். அதுதான் எனக்குக் கூடுதலாகக் கசக்கிறது.

லக்ஷனா உன் இலக்கத்தை அழுத்தித் தந்தாள். பதிவுக் கருவியில் உன் குரல் பிரெஞ்சில் கேட்டது, தொனி கேட்டதும் நான் வைத்துவிட்டேன். கனேடியர் மாதிரிப் பிரெஞ்சு பேசுகிறாய், பாதி விளங்கவில்லை. அம்மாவுக்குக் கால் வீக்கம் அப்படியே இருக்கிறது, ஆனால் கேட்டால் இல்லை என்பா, இனி அவ சொல்லுகிற எதையும் நான் நம்புவதாக இல்லை. லக்ஷனாவுக்குப் படிப்பில் இரண்டாம் வருடம் தொடங்கிவிட்டது. சாமத்திய வீட்டு வீடியோவை அவள் ஒரு தரமும் பார்த்ததில்லையாம், இப்போதுதான் சொன்னாள். மகாலிங்கத்தோடு நான் கதைப்பதில்லை.

காட்டுக்குப் போகாதே என்று எழுதலாம் என்று இருந்தேன். அப்படிச் சொல்லுகிற இடத்தில் நான் இல்லை. போனால், கூட வருகிற ஆள் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று அன்று காலையும் ஒருதரம் கேட்டுவிட்டுப் போ. சிவப்பு, நீலம், வெள்ளை உடம்பில் இருக்கக் கூடாது என்று நீயே எழுதியிருக்கிறாய், எழுதினதை நீயும் செய். இருக்கிற கண்ணுக்கு உடையாத கண்ணாடி வாங்கிப் போடு, வில் இழுக்கும்போதும் கழற்றாதே, இதில் மட்டும் அப்பா சொன்னதைக் கேள்.

ஒன்று கேட்க வேண்டும். மரி-லூயிஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னார், அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை என்று கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. அவர் என்ன சொன்னார் என்று நீ எழுதவில்லை. லக்ஷனாவிடம் மூன்று தரம் கேட்டேன், வேறு ஒன்றும் அதில் இல்லை என்கிறாள். அந்த வார்த்தையை எனக்கு எழுதி அனுப்பு. பிரெஞ்சில் என்றாலும் பரவாயில்லை. நான் தமிழில் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், வாய்க்கு ஒன்றும் வருகுதில்லை.

எந்தக் காட்டில் நின்றாலும் நல்லூர்க் கந்தன் உன்னைக் காக்க வேண்டும். குளிர் தொடங்குகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ. கண்ணாடியை மறக்காதே.

உன்னைப் பெற்ற,
யோகநாதன்