இடது கைத் தழும்பு

பெரிய காஞ்சிபுரம்
12-3-1971

சௌபாக்கியவதி தில்லையம்மாளுக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

நான் நலமாக இல்லை. பின்தெருவில் தறிக்காரர் வீட்டில் அம்மை போட்டிருக்கிறதென்று, பதினோரு நாள் முன்பு நகராட்சியிலிருந்து வேலாயுதம் என்பவன் வந்து எல்லோருக்கும் அம்மை குத்தினான். சிறுவயதில் அம்மை குத்திய தழும்பைக் காட்டியும் என்னை விடவில்லை. எதிர்வீட்டுப் பட்டம்மாளுக்கும் அப்படித் தழும்பு உண்டு. அவளுக்கு மூன்று நாள் அரிப்போடு போயிற்று. எனக்கோ எட்டாம் நாள் பெரிய கொப்புளம், அக்குளில் நெறிக்கட்டு, காய்ச்சல்.

அன்று செருப்போடு உள்ளே வந்தவனைக் கண்டித்தேன். அந்தக் கோபத்தில் கெட்ட மருந்தைக் குத்தினான் என்பது என் சந்தேகம். கூப்பிட்டுக் கேட்டால், "எல்லாருக்கும் ஒரே மருந்துதாம்மா குத்திக்கினு வரேன். உங்களுக்கு மட்டும் இன்னா ஆச்சுன்னு தெரியலம்மா" என்கிறான். நகராட்சிக்குப் புகார் எழுதிவிட்டேன். 22ஆம் தேதி விசாரணை. வேலை போய்விடும் என்கிறார்கள். நீ ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவள். மருந்து கெட்டதுதான் என்று ஒரு வரி எழுதி அனுப்பு.

பெரியநாயகி

சென்னை
15-3-1971

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

அந்த வரியை என்னால் எழுத முடியவில்லை. மருந்தில் இருப்பதும் ஒரு வைரஸ்தான், அம்மைக்கு உறவு, ஆனால் சாது. தோலின் அணுக்களுக்குள் புகுந்து, அவற்றைக் கொண்டே பெருகும். முதல்முறை பார்க்கும் உடம்பில், வெள்ளணுக்கள் அதை இனங்கண்டு எதிர்க்கத் தயாராக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கொப்புளமும் காய்ச்சலும் வந்துவிடும். முன்பே பார்த்த உடம்பில் சில அணுக்கள் நினைவு வைத்திருந்து உடனே எதிர்க்கும். பட்டம்மாள் அத்தைக்கு நடந்தது அது.

அம்மா, உங்களுக்கு நடந்தது முதல் வகை. சிறுவயதில் உங்களுக்கு உண்மையாகவே குத்தினார்களா?

அறுபது வருடத்தில் உடம்பு மறந்துபோவதும் உண்டு. அப்படி எழுதிப் புகாரைத் திரும்பப் பெற்றால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள்.

தில்லை

பெரிய காஞ்சிபுரம்
19-3-1971

தில்லைக்கு,

உன் கடிதத்தின் கடைசி யோசனை பிழை. கேள்வியில் பிழை இல்லை.

அம்மை குத்தாத பெண்களை அந்நாளில் கான்வென்ட் பள்ளியில் சேர்க்கமாட்டார்கள். மாட்டிலிருந்து எடுத்த மருந்துச் சீழை மகள் உடம்பில் ஏற்ற என் தகப்பனாருக்கு மனமில்லை. வண்ணார் துணிக்குக் குறி போடும் சேங்கொட்டையின் பாலை என் கையில் வைத்துப் புண்ணாக்கினார். மதர் தழும்பைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். அதைக் காட்டித்தான், இந்தத் தெருவில் ஊசிக்கு ஒளிந்த பெண்களை நான் ஏளனம் செய்துவந்தேன்.

என் உடம்பு எதையும் மறக்கவில்லை. அதற்குத் தெரியவே தெரியாது. நகராட்சியில் அப்படியே எழுதிக்கொடுத்தேன். வேலாயுதத்திடமும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கிட்ட வந்து என் கைத் தழும்பைப் பார்த்தார். "இந்த மாரி தழும்பக் காட்டி எத்தினி பேரு என்னத் திருப்பி அனுப்பினாங்களோ தெரியலயேம்மா" என்றார்.

நாளை முதல் அவரோடு வீடுவீடாகப் போகிறேன். பொய்த் தழும்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இதைப் படித்ததும் உன் கையைப் பார்த்துக்கொள்வாய். அது உண்மையானது. நான்தான் உன்னை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா