அம்மா செய்த ஒயர்ப் பெட்டி

குட்டிம்மா,

பதினோரு மணிக்குத் தச்சர் வருவார். டிவி ஒயர்களை மறைக்க அம்மா செய்த மரப்பெட்டியைத் தூக்கிப் போடலாம் என்று நேற்று நீ சொன்னதும் நான் கத்தியது தப்புதான். ஒயரோடு சுவிட்சையும் உள்ளே வைத்து மூடிவிட்டாள். டிவி போட எட்டு ஸ்குரூ கழற்ற வேண்டும். கேட்டால், "அப்பத்தான் நீங்க கம்மியா பார்ப்பீங்க" என்பாள். தப்பு என்று கடைசிவரை ஒத்துக்கொள்ளவே இல்லை.

சுவிட்சுக்கு ஓட்டை போடச் சொல். பக்கவாட்டில் மட்டும். முன்பலகையில் அவள் போட்ட பென்சில் கோடுகள் அழியக்கூடாது.

சாப்பாடு மேசையில் இருக்கிறது.

அப்பா

பி.கு: பெட்டியைப் பார்த்துத் தச்சர் சிரித்தால் நீயும் சிரித்துவிடு. நான் இருந்தால் சண்டைக்குப் போவேன். அதனால்தான் வெளியே போகிறேன்.