முப்பது நாளில் பதில் வராவிட்டால்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, எனக்கு இடது முழங்கால் மட்டும் படியிறங்கும்போது தகராறு செய்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், அதற்குள் தாளில் என்ன கடிதம் என்று உனக்குத் தோன்றும். போனில் சொல்ல இரண்டு தடவை முயன்றேன். சொன்னால் நீ அழுவாய், நான் உடனே சரி விடு என்று வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், விஷயம் அப்படியே கிடக்கும். என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். மூன்று முறை எழுதிக் கிழித்தாகிவிட்டது, இதையாவது அனுப்புகிறேனா பார்ப்போம்.

முதலில் நீ கேட்ட வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மென்பொருள் களஞ்சியத்தில் புதிதாகச் சேர்ந்து உழைக்க வருகிறவர்களுக்கான வழிகாட்டியை முழுதும் படித்தேன். நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். யார் வேண்டுமானாலும் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும் சின்னச் சின்ன மென்பொருள் தொகுப்புகள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் அதைக் கவனிக்க ஒருவர் உண்டு, பிழை கண்டவர்கள் அவருக்கு எழுதுவார்கள், திருத்தம் தெரிந்தவர்கள் அனுப்புவார்கள், அவர் பார்த்துச் சேர்ப்பார். நீயும் இன்னும் ஆறு பேரும் சம்பளமில்லாமல் களஞ்சியம் முழுவதையும் மேற்பார்வை செய்கிறீர்கள். முப்பத்தொரு வருடம் பம்பு கம்பெனியில் கையேடு எழுதியவன் என்பதற்காக இதை என்னிடம் கொடுத்தாய். பம்புக்கு எழுதினவனுக்கு இது சரிவருமா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் பழைய முறைப்படியே செய்தேன். அப்போதெல்லாம் ஒரு கையேடு முடிந்ததும் எங்கள் கேட் காவலாளியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வேன். அவர் எங்கே நிறுத்தி என் முகத்தைப் பார்க்கிறாரோ அங்கே என் வாக்கியம் சரியில்லை என்று குறித்துக்கொள்வேன். இந்தத் தடவை காவலாளிக்குப் பதில் அம்மா. சாப்பாட்டு மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள், "ரிடையரானாலும் என்னை விடமாட்டீங்களா, பம்பு முடிஞ்சு இப்ப பொட்டலமா" என்று சலித்துக்கொண்டே கண்ணாடியை மாட்டினாள். தொகுப்பு என்று எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு அது பொட்டலம்தான்.

கேள்வி கேட்பதற்கு முன் பழைய விவாதங்கள் அனைத்தையும் படிக்கவும் என்று ஒரு வரி இருக்கிறதே, அதில் நிறுத்தினாள். "எல்லாத்தையும் படிச்சு முடிச்சவன் எதுக்குங்க கேள்வி கேக்கப் போறான்?" என்றாள். முதல் பக்கத்திலேயே உங்கள் திருத்தம் நிராகரிக்கப்படலாம், காரணம் கூறப்படமாட்டாது என்று போட்டிருக்கிறீர்கள். அதற்கு, "வாசல்லயே நாய் ஜாக்கிரதைன்னு போர்டு மாட்டிட்டு உள்ள வாங்கன்னா யாரு வருவா" என்றாள். இரண்டையும் மாற்றி எழுதியிருக்கிறேன். என்னைப் போன்ற பயந்த சுபாவக்காரன் அந்தப் பக்கத்தைப் படித்தால் சத்தமில்லாமல் திரும்பிப் போயிருப்பான், அந்த ஒரு தகுதியில்தான் துணிந்து கைவைத்தேன். மொத்தம் ஒன்பது பக்கம், தனியாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். உன் குழுவினர் வேண்டாம் என்றால் எனக்கு வருத்தமில்லை.

பிறகு அம்மா ஆறாவது பகுதிக்கு வந்தாள். முப்பது நாள் விதி. வந்த திருத்தத்துக்கு முப்பது நாளில் பதில் வராவிட்டால் கவனிப்பவருக்கு ஓர் அறிவிப்பு போகும், அதற்குமேல் பத்து நாளும் பேசாமலிருந்தால் தொகுப்பு ஆளில்லாதவை என்ற பட்டியலுக்குப் போய்விடும், விருப்பமுள்ள வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம், இடையில் ஒரு வரி பதில் வந்தாலும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். படித்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள். "ஏங்க, பதில் போடாதவன் சோம்பேறியா இருக்கலாம், வேலையில மாட்டிட்டு இருக்கலாம்னெல்லாம் எழுதியிருக்கு. செத்துப் போயிட்டா என்ன பண்றதுன்னு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டாள். எங்கும் எழுதியிருக்கவில்லை. நான் அந்தப் பகுதியை ஐந்து முறை படித்தவன், அங்கே அரைப்புள்ளியைக்கூடத் திருத்தியவன். அந்த இடைவெளி எனக்குத் தெரியாமலில்லை, கண்ணு. தெரிந்துதான் விட்டுவைத்திருந்தேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் அண்ணன் போய் எட்டு மாதம் முடிந்துவிட்டது. அவன் பெயரில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக முடித்து வைக்க நான் ஒரு பட்டியல் போட்டேன், உனக்குத் தெரியும். தொலைபேசி, நூலக அட்டை, ஓட்டுநர் உரிமம், அவன் ஆபீஸ் அலமாரிச் சாவி என்று பதினான்கு இனம். ஒன்பது இடங்களில் இறப்புச் சான்றின் நகலைக் கொடுத்தேன். ஒவ்வொரு ஜன்னலிலும் "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள், ஒவ்வொரு தடவையும் சொன்னேன். பதினான்காவது அவனுடைய மின்னஞ்சல் பெட்டி. தனக்கு ஏதாவது அவசரமென்றால் நான் திறக்கவேண்டும் என்று கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி முன்பே என்னிடம் கொடுத்திருந்தான். மூடுவதற்காகத்தான் திறந்தேன், அதை நம்பு. உள்ளே அவனுக்குக் கடிதங்கள் வந்திருந்தன.

மருத்துவமனை வார்டுகளில் எந்த நர்ஸுக்கு எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்று பட்டியல் போட்டுத்தரும் ஒரு சின்னத் தொகுப்பை அவன் உங்கள் களஞ்சியத்தில் வைத்திருந்தானே, அதைப் பற்றி. எங்கோ ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் எழுதியிருந்தார், ஐந்து ஞாயிறு வரும் மாதங்களில் கணக்கு தவறி ஒருவருக்கே ஞாயிறுகள் திரும்பத் திரும்ப விழுகின்றன என்று. அடுத்து ஒரு பல் டாக்டர், ஓய்வு நேரத்தில் இந்த மாதிரி வேலை செய்கிறவராம், பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தமே எழுதி அனுப்பியிருந்தார். நீ சின்ன வயதில் அண்ணனுக்கு வைத்த பட்டப்பெயரைத்தான் அவன் அங்கே தன் பெயராக வைத்திருந்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "தூங்குமூஞ்சி சார், எழுந்தாச்சா? திருத்தம் அனுப்பியிருக்கேன், ஒரு பார்வை பார்த்துச் சேர்த்துடுங்க" என்று டாக்டர் எழுதியிருந்தார். அதன் கீழே களஞ்சியத்தின் அறிவிப்பு, இன்னும் பத்து நாளில் இந்தத் தொகுப்பு ஆளில்லாதவை பட்டியலில் சேர்க்கப்படும் என்று.

பதில் எழுதிவிட்டேன். நான் எழுதவில்லை, அவன் எழுதியதாக எழுதினேன். "பார்க்கிறேன் கொஞ்சம் டைம் கொடுங்க" என்று. அவன் முற்றுப்புள்ளி வைக்கமாட்டான், நான் எவ்வளவோ சொல்லியும் கேட்டதில்லை. நானும் வைக்கவில்லை. அனுப்பிய பிறகு கொஞ்ச நேரம் மூச்சு சீராக வந்தது. ஆளில்லாதவை என்ற அந்த வார்த்தைக்குக் கீழே அவன் பெயர் வராமல் தடுத்துவிட்டேன் என்ற நினைப்பு. பிறகு முப்பது நாள் கழித்து மறுபடி அறிவிப்பு வந்தது, மறுபடி பதில் போட்டேன். இதுவரை நான்கு தடவை. என் வாழ்நாளில் ஒரு கையெழுத்தைக்கூட மாற்றிப் போட்டவனில்லை.

அந்த டாக்டர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "அவசரமில்ல தலைவரே, வீட்டுல ஏதாவது பிரச்சினையா, உடம்பைப் பாத்துக்குங்க" என்று எழுதினார். தலைமை நர்ஸ் போன மாதம் எழுதியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முன்பெல்லாம் கேட்ட அன்றே செய்துகொடுப்பீர்களே, நான் ஏதாவது தப்பாகச் சொல்லி உங்களுக்கு வருத்தமா, ஐந்து மாதமாகப் பென்சிலால் திருத்திக்கொண்டிருக்கிறோம், அதையும் மீறி ஒரு பெண்ணுக்கு நான்கு ஞாயிறு தொடர்ந்து விழுந்தது, கைக்குழந்தைக்காரி, எல்லோர் முன்னாலும் என்னிடம் அழுதுவிட்டாள் என்று. அந்தப் பெண்ணின் ஞாயிறுகளை எடுத்துக்கொண்டவன் நான். திருத்தம் தயாராக இருந்தது, சேர்க்க ஆள் இருந்தார், நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் நீ பேசும்போது, "அண்ணன் பக்கத்தை மட்டும் நான் திறக்கவே இல்லப்பா, என்னால முடியல, அது தானா பட்டியலுக்குப் போய் யாராவது எடுத்திருப்பாங்க" என்று சொன்னாய். நான் ஆமாம் போயிருக்கும் என்றேன். அது போகவில்லை. நான்தான் போகவிடவில்லை. உன்னிடம் அப்படிச் சொன்னதற்காகவும் சேர்த்து என்னை மன்னித்துவிடு.

அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டதும் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். நறுக்கிய பீன்ஸை மெதுவாகப் பாத்திரத்தில் அள்ளிப் போட்டாள், மூடினாள், கையைத் துடைத்தாள். அப்புறம், "இத்தனை மாசமா அவனுக்கு லெட்டர் வந்துட்டு இருக்கு, நீங்க மட்டும் படிச்சுட்டு இருந்திருக்கீங்க. எனக்கும் காட்டியிருக்கலாம்ல" என்றாள். அன்றிலிருந்து தினமும் காலை காபிக்குப் பிறகு பெட்டியைத் திறந்து, பழையதிலிருந்து நான்கைந்தாக அவளுக்கு வாசிக்கிறேன். நன்றி சொல்லி எழுதியவர்கள்தான் அதிகம். அவன் இத்தனை பேருக்கு வேண்டியவனாக இருந்தது நம் இருவருக்குமே தெரியவில்லை பார் என்றாள். டாக்டரின் பெயர் சொன்னாலே இப்போது அவளுக்குச் சிரிப்பும் வருகிறது, கூடவே மற்றதும் வந்துவிடுகிறது.

ஆகவே ஆறாவது பகுதிக்குக் கீழே ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். முதலில் செயல்பட இயலாத நிலையில் இருப்பின் என்று எழுதினேன். அம்மா, "அப்படின்னா கால் உடைஞ்சவன்னுதான் நினைப்பாங்க" என்றாள். கையேட்டில் எதையும் அதன் பெயரைச் சொல்லித்தான் எழுதவேண்டும் என்று இளையவர்களை நான் எத்தனை தடவை கண்டித்திருக்கிறேன். இப்படி மாற்றினேன்: ஒரு தொகுப்பைக் கவனிப்பவர் இறந்துவிட்டால், அதை அறிந்த எவரும் எங்களுக்கு ஒரு வரி எழுதினால் போதும். சான்று கேட்கமாட்டோம், நாள் எண்ணமாட்டோம். மேற்பார்வைக் குழுவில் ஒருவர் விசாரித்துத் தொகுப்பை வேறொருவரிடம் ஒப்படைப்பார். ஆளில்லாதவை பட்டியலில் அது சேர்க்கப்படாது. எழுதியவரின் பெயர் முதலில் இருந்த இடத்திலேயே இருக்கும். அவருடைய முகவரிக்குப் போகும் அறிவிப்புகள் அன்றே நிறுத்தப்படும்.

சான்று கேட்கமாட்டோம் என்பதை உன் குழுவினர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்று தோன்றுகிறது, பொய் சொல்லி எடுத்துக்கொள்வார்களே என்பார்கள். நியாயம்தான். பொய் சொல்லி வைத்துக்கொண்டவன் நானே இருக்கும்போது எனக்கு அதைப் பற்றி வாதாட வாயில்லை. அந்த வரியை நீங்கள் எடுத்துவிட்டாலும், எங்கே எழுதவேண்டும், யார் படிப்பார் என்பதையாவது தெளிவாகப் போடுங்கள். எனக்கு அப்படி ஓர் இடம் கண்ணில் பட்டிருந்தால் எழுதியிருப்பேனா என்று கேட்டால் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. எழுதியிருப்பேன் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அண்ணன் பக்கத்தை நீயே திற. டாக்டரின் திருத்தத்தைப் பார்த்துச் சேர்த்துவிட்டு, அவருக்குச் சம்மதமென்றால் தொகுப்பையும் அவரிடமே ஒப்படைத்துவிடு. கஷ்டமான வேலையை உன் தலையில் கட்டுகிறேன் என்று தெரிகிறது, பக்கத்தில் மாப்பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு செய். டாக்டருக்கும் தலைமை நர்ஸுக்கும் நீ எதுவும் எழுதவேண்டாம். அது என் கடன். ஒப்படைத்துவிட்டேன் என்று நீ சொன்ன அன்றே என் முகவரியிலிருந்து, என் பெயரில், நான்தான் எழுதுவேன். கடவுச்சொல் எழுதிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது, அதனால் நீ மாற்றிவிடு. மாற்றியதை அம்மாவிடம் மட்டும் சொல், அவள் படிக்கவேண்டும் என்கிறபோது திறந்துகொடுப்பாள்.

மற்றபடி இங்கே விசேஷமில்லை. கீழ்வீட்டுத் தையல்காரர் உன்னை விசாரித்தார். நீ உட்கார்ந்தே இருக்காதே, மணிக்கொரு தரம் எழுந்து நட, உங்கள் வம்சத்துக்கு நெஞ்சு விஷயத்தில் கவனம் வேண்டும் என்று அண்ணனைப் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டர் அன்றைக்குச் சொன்னதை மறக்காமல் ஒரு பரிசோதனை செய்துகொள். தள்ளிப்போடாதே. குழந்தைக்கு மாமாவின் படத்தைக் காட்டுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, ஒருவர் கண்ணெதிரில் ஒருவர் இருந்து நன்றாக வாழவேண்டும். அதற்குமேல் கேட்க எனக்கு எதுவும் தோன்றவில்லை.

ஒரு நினைவூட்டல். இந்தக் கடிதம் உன் கைக்கு வர எட்டு ஒன்பது நாள் ஆகும். அடுத்த அறிவிப்பு அவன் பெட்டிக்கு வர இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன். அது வருவதற்குள் செய்துவிடு, கண்ணு. வந்துவிட்டால் நான் பதில் போட்டுவிடுவேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா